ஊசி நம்ம கையில, கத்தரி யார் கையில?

போன மாதம் எங்கள் வட்டக் கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் எழுந்து கேட்டார்: "அக்கா, நீங்க சேரிப் புள்ளைகளுக்குச் சாயங்காலம் தையல் சொல்லிக் குடுக்குறீங்க. ராஜாஜி 1953ல செய்யப் பாத்ததத்தான நீங்க இப்பச் செய்றீங்க? படிக்க வேண்டிய கையில ஊசியக் குடுத்தா அதுக்குப் பேரு குலக்கல்வி இல்லாம வேற என்ன?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். "அது வேற, இது வேற தம்பி" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. அன்றைக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். அந்தத் தம்பிக்கு மட்டுமில்லை. இயக்கத்தில் இருக்கிற நிறையப் பேருக்குக் 'கைத்தொழில்' என்ற வார்த்தையைக் கேட்டாலே உடம்பு கூசுகிறது. கூசத்தான் வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் என்ன? கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அரை நேரம். மிச்ச நேரம் அப்பன் தொழில். சிரைக்கிறவர் மகன் சிரைக்கப் பழகணும், வெளுக்கிறவர் மகன் வெளுக்கப் பழகணும், செத்த மாடு தூக்குகிறவர் மகன் மாடு தூக்கப் பழகணும். பட்டணத்துப் பள்ளிக்கூடங்களுக்கு இந்தத் திட்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள். மணியாட்டுகிறவர் மகன் மணியாட்டினால் அவனுக்கு என்ன நட்டம்? மலம் அள்ளுகிறவர் மகனுக்குத்தான் நட்டம். பெரியார் கொதித்தார். நாடே கொதித்தது. 1954இல் ராஜாஜி பதவியை விட்டு இறங்கினார். காமராஜர் வந்ததும் அந்தத் திட்டத்தைக் குப்பையில் போட்டார்.

குப்பையில் போட்டது மக்கிவிட்டதா? 2023 செப்டம்பர் 17இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் தொடங்கியது. 18 தொழில்கள். தச்சர், கொல்லர், குயவர், செருப்புத் தைப்பவர், சலவை செய்பவர், முடி திருத்துபவர், தையல்காரர். பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் 3 லட்சம் வரை கடன். காசைப் பார்த்தால் நல்லதாகத்தான் தெரியும். ஆனால் 'குடும்பவழியான மரபுத் தொழில்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது அப்பன் தொழில்தான். குரு சிஷ்ய பரம்பரை என்ற புகழ்ச்சி வேறு. வயது 18 ஆனால் போதுமாம். 18 வயதில் கல்லூரி வாசலில் நிற்கிற பிள்ளைக்கு உளியும் சவரக்கத்தியும் நீட்டினால் அது யாருக்குச் சேவை?

இந்தத் திட்டத்தை இந்த வடிவில் ஏற்க முடியாது என்று தமிழக அரசு 2024 நவம்பரில் ஒன்றிய அரசுக்கு எழுதியது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்பதை எடு, வயதை 35 ஆக்கு என்று கேட்டது. 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் என்ற பெயரில் தானே ஒன்றைத் தொடங்கியது. 25 தொழில்கள், எந்தக் குடும்பத்தில் பிறந்தவரும் விண்ணப்பிக்கலாம், வயது 35 ஆகியிருக்க வேண்டும். நாம் கேட்டிருக்க வேண்டியதை ஒரு அரசே கேட்டது சரிதான். ஆனால் இரண்டு திட்டத்திலுமே கடன் கொடுக்கிற கவுண்டரில் உட்கார்ந்திருப்பது வங்கி மேனேஜர். சேரி முகவரியைப் பார்த்ததும் அவர் கண் எப்படிச் சுருங்கும் என்பது நமக்குப் புதுசா?

சாதி என்பது வேலையைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு என்று சொன்னவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் 1936லேயே பதில் சொல்லிவிட்டார். அது வேலை செய்கிற மனிதர்களைப் பிரித்து, ஒருத்தர் தலையில் ஒருத்தரை ஏற்றி அடுக்கிய ஏற்பாடு. ஆகவே தம்பியின் சந்தேகம் தப்பில்லை. நம்ம பிள்ளைகள் கையில் யார் எந்தக் கருவியைக் கொடுத்தாலும் முதலில் சந்தேகப்படத்தான் வேண்டும்.

சந்தேகப்பட்ட பிறகு யோசிக்கவும் வேண்டும். தையல் எப்போதடா நம்ம குலத்தொழிலாக இருந்தது?

துணியின் வரலாறு நமக்கு வேறு மாதிரி. 1921 செப்டம்பர் 22இல் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி சட்டையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறினார். ஏழைகளைப் போல இருக்க என்றார். ஊரே அதைத் தியாகம் என்று கொண்டாடுகிறது. அதிலிருந்து ஒன்பது வருசம் கழித்து, 1930 டிசம்பரில், பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கம் செலுத்திய கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது. அடுத்த வருசம் ஜூனில் தடை பதினொன்று ஆனது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன. இதையெல்லாம் வெள்ளைக்கார அதிகாரி ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். சட்டை வைத்திருந்தவர் கழற்றினார், அது தியாகம் ஆனது. சட்டை போட ஆசைப்பட்டவன் அடிபட்டான், அது வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட ஆகவில்லை.

தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காக நடத்திய போராட்டம் 1822இல் தொடங்கி 1859 வரை நீண்டது. ஒரு ரவிக்கைக்கு முப்பத்தேழு வருசம்! ஆக, ரவிக்கை தைக்கக் கற்றுக் கொடுப்பதைப் பொழுதுபோக்கு வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

என் அம்மா கதையைச் சொல்கிறேன். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இருந்த தையல்காரர் சேரிப் பொம்பளைகளுக்கு அளவெடுக்க மாட்டார். "அளவு ஜாக்கெட் கொண்டாந்து வச்சுட்டுப் போ" என்பார். அளவு ஜாக்கெட் இல்லாதவள் என்ன செய்வாள்? எட்டி நிற்கச் சொல்லிக் கண்ணாலேயே அளந்து தைப்பார். அக்குள் பிடிக்கும், கழுத்து இறங்கும். கேட்டால், "ஒங்களுக்கு இது போதாதா?" அம்மா கடைசிவரைக்கும் தன் உடம்புக்குப் பொருந்திய ஒரு ரவிக்கை போட்டதில்லை. இது எங்கள் ஊரில் மட்டும் நடந்த கதை என்று நினைத்திருந்தேன். 2006இல் 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்து எழுதிய தீண்டாமை ஆய்வு நூல் ஒன்று வந்தது. சிகை, சலவை போலவே தையல்காரர் சேவையிலும் தீண்டாமை இருப்பதை அது பட்டியல் போட்டிருக்கிறது. இன்ச் டேப்புக்கும் தீட்டு உண்டு தோழர்களே.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 1995 ஆகஸ்ட் 31. தூத்துக்குடி மாவட்டம் கொடியன்குளம். நூற்றுக்கணக்கான போலீசார் தலித் மக்கள் வாழ்ந்த ஊருக்குள் புகுந்தார்கள். எதை உடைத்தார்கள்? டி.வி., மின்விசிறி, டேப் ரிக்கார்டர், சைக்கிள், தையல் மெஷின். படித்த இளைஞர்களின் பாஸ்போர்ட்டைக் கொளுத்தினார்கள். பாஸ்போர்ட்டோடு சேர்த்துத் தையல் மெஷினை ஏன் உடைக்கணும்? அது நம் கையைக் கட்டிப்போடுகிற கருவியாக இருந்தால் பத்திரமாக விட்டுவிட்டுப் போயிருப்பார்களே! மண்வெட்டி பிடிக்காமல் பிழைக்க ஒரு வழி இருக்கிறது என்பதற்கு அந்த வீடுகளில் அது சாட்சியாக இருந்தது. எதிரிக்குத் தெரிந்த இந்த அர்த்தம் நமக்குத் தெரிய வேண்டாமா?

அப்படியானால் எல்லாத் தையல் வகுப்பும் விடுதலையா? அதுவும் இல்லை. இங்கேதான் தம்பி கேட்காமல் விட்ட கேள்வியை நான் கேட்டுக்கொள்கிறேன்.

நமக்காக நடத்தப்படுகிற தையல் பயிற்சிகளைப் பாருங்கள். மூன்று மாதம், ஆறு மாதம். மெஷின் மிதிக்க, நேர்கோடு ஓட்ட, ஹெம்மிங் பண்ண, காஜா எடுக்க, பட்டன் கட்ட. முடிந்தது. சான்றிதழ், போட்டோ, கைதட்டல். துணியை வெட்டுவது கடைசி வாரத்துக்கு என்று தள்ளி வைத்திருப்பார்கள். கடைசி வாரம் வராது. தையல் கடையில் வேலை பழகின எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான்: காஜா எடுக்கிறவனுக்குக் கூலி, தைக்கிறவனுக்குப் பீஸ் ரேட், வெட்டுகிறவனுக்குத்தான் மாஸ்டர் என்ற பேரு. கத்தரியை மாஸ்டர் லேசில் தர மாட்டார். தன் மகனுக்குத் தருவார், மச்சானுக்குத் தருவார். கடைக்குள்ளேயும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. நம்ம பிள்ளைக்கு ஊசியை மட்டும் கொடுத்து அனுப்பினால் அவளை அந்தப் படிக்கட்டின் அடியில் உட்கார வைக்கிறோம் என்று அர்த்தம்.

அடியில் உட்கார்ந்தவள் எங்கே போகிறாள்? திண்டுக்கல் பக்கம் மில்லுக்கும் திருப்பூர் கம்பெனிக்கும் வேன் ஏறுகிறாள். மூன்று வருசம் மில் விடுதியில் அடைத்துவைத்து, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் தருவதாக ஆசை காட்டிய சுமங்கலித் திட்டத்தில் போனவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலைபார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அதற்குப் பிறகு தலித் பெண்கள் பெரும்பான்மையாக இருக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் எச் அண்ட் எம் போன்ற பன்னாட்டுக் கம்பெனியையே கையெழுத்துப் போட வைத்தது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் அதைச் சொல்கிறது. பாலியல் கொடுமையையும் சாதிக் கொடுமையையும் சேர்த்தே தடுப்பதற்கான ஒப்பந்தம். மெஷினில் குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்து செய்த வேலை அது. நம் தையல் வகுப்புகளில் எத்தனை இடத்தில் இந்த ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறார்கள்?

நம் இயக்கத்தையும் விட மாட்டேன். ஏப்ரல் 14 அன்று மேடை போட்டுப் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுக்கிறோம். ஆண்களுக்கு என்ன கொடுக்கிறோம்? மைக். அரசாங்கத்தின் இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பேரை வைத்திருக்கிறார்கள். அவர் யார்? தாழ்த்தப்பட்டோர் உரிமைக்காக 1974இல் தி.மு.க.வை விட்டு வெளியே வந்து தனிக்கட்சி கண்டவர். மாநிலத்தில் அமைச்சர், 1979இல் ஒன்றிய அமைச்சர். மெஷினை வாங்குகிற பெண்களிடம் அந்தப் பேருக்குப் பின்னால் இருக்கிற இந்தக் கதையைச் சொன்னோமா? அவர் பேரில் மெஷின் வாங்கின பெண்களில் ஒருத்தியாவது அவரைப் போல மைக் பிடிக்க நாம் இடம் விட்டோமா?

எங்கள் வகுப்பு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பெருமைக்கு இல்லை. வேறு ஊர்த் தோழர்கள் தொடங்கினால் உதவட்டும் என்றுதான்.

பள்ளிக்கூட நேரத்தில் வகுப்பு கிடையாது. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வருகிற பிள்ளையைச் சேர்ப்பதில்லை. முதலில் அவளைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத்தான் அலைவோம். ஆம்பளைப் பையன்களும் வரணும். வருகிறார்கள், கூச்சத்தோடு.

முதல் நாள் மெஷினைத் தொட விடுவதில்லை. இன்ச் டேப். ஒருத்தரை ஒருத்தர் அளக்கணும். தோள், மார்புச் சுற்று, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம். "கூச்சமா இருக்குக்கா" என்று நெளிவார்கள். பொம்பளைப் புள்ளைகளைப் பொம்பளைப் புள்ளைகளே அளக்கட்டும், ஆனால் தொட்டு அளக்கட்டும். எங்கம்மாவைத் தொடாமல் அளந்தார்கள் என்ற கதையை அன்றைக்குத்தான் சொல்வேன். அப்புறம் யாரும் நெளிவதில்லை.

இரண்டாவது கணக்கு. மார்புச் சுற்று 34 என்றால் நாலால் வகுக்கணும், எட்டரை. உடம்பு அசைய எவ்வளவு தளர்ச்சி, தையலுக்கு எவ்வளவு ஓரம், கூட்டிப் பேப்பரில் வரையணும். பழைய செய்தித்தாள் போதும். கணக்கில் பெயில் ஆனவள் என்று பள்ளிக்கூடம் முத்திரை குத்திய பெண் இங்கே கால் இஞ்ச் பிசகாமல் வகுக்கிறாள். பேப்பரில் வரைந்ததை வெட்டி, குண்டூசி குத்தி, உடம்பில் வைத்துப் பார்த்து, தப்பு எங்கே என்று அவளே சொல்லணும். பேப்பரில் நாலு தப்புப் பண்ணினால் நட்டம் இல்லை. அதற்குப் பிறகு பழைய சேலையில் வெட்டு. கடைசியில்தான் 80 சென்டிமீட்டர் புது ரவிக்கைத் துணி. கத்தரியை முதல் மாதமே கையில் கொடுத்துவிடுவோம். மெஷின் அதற்குப் பிறகு. நூல் கோக்காமல் கோடு போட்ட நோட்டுத் தாளில் ஓட்டினால் ஊசி போன தடம் கோட்டின் மேலேயே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கால் பழகிய பின்னால் நூல், பாபின், துணி.

வாரத்தில் ஒருநாள் கூலிக் கணக்கு. துணி, நூல், லைனிங், கொக்கி, கரண்டு, நேரம் எல்லாம் போட்டு ஒரு ஜாக்கெட்டுக்கு என்ன விலை சொல்லணும் என்று எழுதணும். "நம்ம தெருவுதானக்கா, எப்படிக் கேக்குறது" என்பார்கள். உழைப்புக்கு விலை கேட்கக் கூச்சப்படப் பழக்கியதும் சாதிதான்.

இனித் தொழிலுக்குப் போவோம். எங்களிடம் படித்த ஒரு பெண் தன் வீட்டு வாசலில் மெஷின் போட்டாள். நல்ல கை. சேரி முழுக்க அவளிடம்தான் தைத்தது. ஊர்த்தெருவிலிருந்து ஆறு மாதம் ஒருத்தரும் வரவில்லை. பொங்கல் நெருக்கத்தில், டவுன் தையல்காரர்களெல்லாம் கைவிரித்த பிறகு, பொழுது சாய்ந்த நேரத்தில் ஒரு அம்மா வந்தார். பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, "அளவு ஜாக்கெட் உள்ள இருக்கு, இதே மாதிரித் தச்சுரு" என்று போனார். இப்போது நாலைந்து பேர் வருகிறார்கள். எல்லாம் அளவு ஜாக்கெட்தான். அவள் தைத்ததை உடம்பில் போட்டுக்கொள்ளலாம், அவள் விரல் மட்டும் அந்த உடம்பில் படக் கூடாது! என் அம்மா காலத்தில் நம்மைத் தொட மறுத்தார்கள். இப்போது நாம் தொடுவதை மறுக்கிறார்கள். அளவு ஜாக்கெட் சேரிக்குள் வந்துவிட்டது, உடம்பு இன்னும் வரவில்லை. கைத்தொழில் மட்டும் சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண் இப்போது சொல்கிறாள்: "அளவு குடுக்க வந்தாத்தான்க்கா இனி தைப்பேன். ரெண்டு மாசம் பாக்கப் போறேன்." வயலில் கூலிக்குப் போகிறவள் இந்த வார்த்தையைச் சொல்ல முடியுமா?

பறையைப் பாருங்கள். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று எத்தனை ஊரில் கட்டைகளைத் தூக்கிப் போட்டோம், எத்தனை ஊரில் அதற்காக அடி வாங்கினோம். அதே பறையை மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் 1990களில் தலித் கலை விழாவாகத் தெருவில் முழக்கியது. இன்றைக்குக் கல்லூரிப் பெண்கள் இடுப்பில் துண்டு கட்டிப் பறையடிக்கப் பழகுகிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே தோல், அதே கட்டை. எது மாறியது? அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையை முதலில் எடுத்தோம். யார் வேண்டுமானாலும் வந்து பழகு என்று அடுத்துச் சொன்னோம். இரண்டும் சேர்ந்தபோதுதான் கட்டாயம் கலை ஆனது.

மதுரைப் புதுமண்டபத்தில் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து தைத்த தையல்காரர்கள், இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டிருப்பவர்கள், பலர் முஸ்லிம்கள். அழகர் திருவிழாவுக்கு வேஷம் கட்டுகிறவர்களின் உடுப்பை அவர்கள்தான் தைக்கிறார்கள். ஊசிக்குச் சாதியும் தெரியாது, மதமும் தெரியாது. அதைப் பிடிக்கிற கையைப் பார்த்துச் சாதி சொல்கிறவன்தான் மனிதன்.

ஆகவே தம்பி, ராஜாஜிக்கும் நமக்கும் வித்தியாசம் இதுதான். எந்தக் கைத்தொழில் வகுப்பைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போக அந்தப் பிள்ளையால் முடியுமா? அந்தச் சாதியில் பிறக்காதவரும் இதைப் பழக முடியுமா? கத்தரியைக் கையில் கொடுக்கிறார்களா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று வந்தாலும் அது குலக்கல்விதான், யார் நடத்தினாலும். நான் நடத்தினாலும்.

நான் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் போட்டிருக்கிற சட்டை எப்படி வெட்டப்பட்டது என்று தெரியுமா? நம்ம பாட்டன் போட முடியாத சட்டை அது. அதைத் தைப்பது கேவலம், படிப்பது மட்டுமே உசத்தி என்று நம்ம தலைக்குள்ளே யார் எழுதினார்கள்? கையால் செய்வது தாழ்வு என்று சொன்னவன் மனு. அவனை எரித்துவிட்டு அவன் சொன்னதை மட்டும் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறோம்?

சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு இருக்கிறது. பழைய சட்டை ஒன்று எடுத்துக்கொண்டு வாருங்கள், பிரித்துப் பார்க்கலாம். அளவு பிள்ளைகள் எடுப்பார்கள். வகுக்கிற கணக்கை நீங்கள் போடுங்கள்.